தோய் சுதேப் மலையில் கேட்ட பூ

ஜனவரி, சனிக்கிழமை, காலை 8.30. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், வடக்கு வாசலில் சிவப்பு நிற ஷேர் வண்டியில் ஏறினோம். தோய் சுதேப் மலைக்கோயில் பதினைந்து கிலோமீட்டர். தலைக்கு அறுபது பாத். நானும் மனைவி சரஸ்வதியும் பீளமேட்டிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. மகள் கவிதாவுக்கு இங்கே ஒரு காப்பி நிறுவனத்தில் வேலை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்றாண்டுக்குக் கையெழுத்திடலாம், அல்லது எங்களோடு ஊர் திரும்பலாம். திங்களன்று அவள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மலைச்சாலை 1935இல் ஊர்மக்களே கூடிப் போட்டது என்று தொடங்கினேன்.

"அப்பா ஆரம்பிச்சுட்டாரு. இனி மலை எறங்கற வரைக்கும் நிறுத்தமாட்டாரு" என்றாள் கவிதா. சரஸ்வதி சிரிக்கவில்லை. மடியிலிருந்த பையை இறுகப் பிடித்திருந்தாள்.

9.20. நாகங்கள் காவலிருக்கும் படிகளில் ஏறினோம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், புத்தரின் எலும்பைச் சுமந்துவந்த வெள்ளை யானை இங்கேதான் உயிர்விட்டதாம். அந்த இடத்தில் எழுந்த தங்கத் தூபியை, எல்லோரையும் போலத் தாமரை மொட்டேந்தி மூன்று சுற்று வந்தோம்.

பிறகு சரஸ்வதி பையிலிருந்து இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை எடுத்துப் புத்தர் முன் வைத்தாள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டோ, சாமியிடம் இப்படிப் பூ கேட்டுத்தான் தொடங்குவோம். விஷயம் தெரியாத ஒருவர் ஒன்றை எடுத்துத் தர வேண்டும்.

"வெள்ளை வந்தா ஊட்டுக்கு வந்தறோணும். சரியா கண்ணு?"

"ஏம்மா, புத்தருக்கு இதெல்லாம் பழக்கமே இல்லியே!"

"சாமிக்கு என்ன பழக்கம்? அந்தக்காவைக் கூப்பிடு."

எங்களோடு வண்டியில் வந்த தாய்லாந்துப் பெண்மணியை அவர்கள் மொழியில் கவிதா அழைத்தாள். அவர் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தோம். வெள்ளை.

சரஸ்வதி கண்மூடி நின்றாள். "சரிம்மா, வாரேன்" என்றாள் கவிதா.

10.15. மலை விளிம்பில் நின்றால் நகரம் முழுவதும் தெரிகிறது. அகழி சூழ்ந்த பழைய நகரின் சதுரத்தைக் கவிதா அம்மாவுக்குக் காட்டினாள். "அதா, அதுக்குப் பக்கத்துல என் ஆபீசு. அந்தச் சந்தையில என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. மழைக்காலத்துல இந்த மலையே மேகத்துல காணாமப் போயிரும்மா. அப்பப் பார்க்கோணும் நீ..." கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தாள்.

சரஸ்வதி மகளையே பார்த்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தம்மா எந்தக் கையில பூவெடுத்தாங்க?"

வலது கைதான். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "பீச்சாங்கையிலதானுங்க எடுத்தாங்க. அது செல்லாது."

"அம்மா..."

"கையெழுத்துப் போட்டுப்போடு கண்ணு. வருசத்துக்கு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டு, போதும்."

தோய் சுதேப் போலவே எங்கள் மருதமலையும் நகருக்கு மேற்கேதான் இருக்கிறது. ஊர் திரும்பியபின் வந்த செவ்வாயன்று அங்கே போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், "கவிதா இருக்கற ஊரு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள் சரஸ்வதி. கிழக்கே, பீளமேட்டுப் பக்கமாகக் கை காட்டினேன். எங்கள் வீட்டையும் தாண்டி வெகுதூரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.