புவாலாய் வீட்டு ஆறு தொட்டிகள்

லம்துவானின் விரல்கள் செடியின் அடியிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தன. கீழ் இலை, அதற்கு மேல் இலை, அதற்கும் மேல் இலை. ஒவ்வொன்றையும் புரட்டி, அடிப்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பூச்சி இல்லை. ஆனால் கீழ் இலைகளின் ஓரம் முழுக்க, துணிக்குக் கரை கட்டினாற்போல, பழுப்பாகக் கருகியிருந்தது.

"என்னக்கா, பொழைக்குமா?" என்றாள் புவாலாய். தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"கொஞ்சம் இரு. நோயாளிகிட்ட அவசரப்படக் கூடாது."

அவள் அப்படித்தான் பேசுவாள். இருபத்திரண்டு வருடம் கிராம சுகாதாரத் தொண்டராக வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்த்தவள். அதற்கு முன்னால் கோன்கேன் ஊரில் மூன்று மாதம் நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்தவள். வீட்டில் கஞ்சா வளர்க்கலாம் என்று தாய்லாந்து அரசு சொன்ன வருடம், ஊரில் பாதிப் பேர் வாசலில் தொட்டி வைத்தார்கள். செடி வாடினால் லம்துவானைத்தான் கூப்பிட்டார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கீழ் இலை மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே மஞ்சள் புதுத் துளிரில் வந்தால் இரும்புச்சத்து. கீழ் இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து.

"பொட்டாசியம் பத்தலடி. அடுப்புச் சாம்பல சலிச்சுத் தண்ணில கரைச்சு, தெளிஞ்ச தண்ணியத் தொட்டிக்கு ஒரு கிண்ணம் ஊத்து."

"அவ்வளவுதானா?"

"பின்ன, ஊசியா போடணும்?"

வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. புவாலாயின் கணவன் சவேங். குடலில் புற்றுநோய். ஆறு மாதமாகப் படுக்கை. அவனுக்காகத்தான் அந்த ஆறு தொட்டிகள். கோழிக்குழம்பில் இரண்டு இலை போட்டால் அரைக் கிண்ணம் சாப்பிடுவான், சாப்பிட்டு மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவான். இலை இல்லாவிட்டால் ஒட்டரிசிச் சோற்றை ஒரு பிடி எடுத்து உருட்டிக்கொண்டே இருப்பான், வாயில் போட மாட்டான். மருத்துவமனை டாக்டருக்கும் இது தெரியும். எத்தனை இலை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மற்ற வீட்டுச் செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். அதை இந்த வயிற்றுக்குக் கொடுக்கவே கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

"லம்துவான் அக்கா, அதுங்களுக்கு வைத்தியம் பார்த்துட்டு இங்கயும் ஒரு எட்டு வாங்க. எனக்கும் ஓரமெல்லாம் கருகுது" என்றான் சவேங் உள்ளிருந்து.

"உனக்குச் சாம்பல் ஊத்த இன்னும் நாள் இருக்கு. படு."

பத்து நாளில் செடிகள் தேறவில்லை. கருகல் நடு இலைகளுக்கும் ஏறியது. இரண்டு செடிகள் தலையைத் தொங்கப்போட்டன.

மழைக்காலத்தின் மூன்று மாதமும் பிக்குகள் மடத்தைவிட்டு வெளியூர் போய்த் தங்க மாட்டார்கள். பெண்கள் காலையில் மடத்துச் சமையலறையில் கூடிச் சமைப்பார்கள். ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான் வேகும். அன்று மூங்கில் குருத்து அரிந்துகொண்டிருந்த ரியம் ஆரம்பித்தாள்.

"லம்துவான் அக்கா கை வச்சும் செடி சாகுதாமே? கைராசி மழையில கரைஞ்சுபோச்சா?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். லம்துவானுக்குச் சுருக்கென்றது. எதிரே புவாலாய் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னத மட்டும் செஞ்சிருந்தா ஏன் சாகுது? யூரியா அள்ளிப் போட்டிருப்பா. நெல்லு வயல்னு நெனப்பு. கேளு அவள."

இடிக்கும் சத்தம் நின்றது.

"ஒரே ஒரு கரண்டிதான் போட்டேன்க்கா. நட்ட புதுசுல. அதுக்கப்புறம் இல்ல."

"பாத்தியா" என்றாள் லம்துவான் ரியமிடம். "நோயாளி வீட்டுல இருக்கறவங்களே இப்படித்தான். அதிகம் குடுத்தா சீக்கிரம் குணமாகும்னு நெனப்பாங்க."

புவாலாய் மறுபடி இடிக்கத் தொடங்கினாள், முன்பைவிட மெதுவாக.

யூரியா மிஞ்சினால் இலை கரும்பச்சையாகி, நுனி கோழிக்கால் நகம்போலக் கீழே வளையும். அந்த இலைகள் வளையவில்லை, கறுக்கவும் இல்லை. இது லம்துவானுக்குத் தெரியும். சொல்லி முடித்த அடுத்த நொடியே தெரிந்தது. ஆனாலும் திருத்தவில்லை.

நான்கு நாள் கழித்து, ஒரு நண்பகலில், வீட்டுப் பின்புறம் பயற்றங்காய் பறிக்கப் போனாள். கொடியின் கடைசிப் பாத்தியில் இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகியிருந்தன. அதே கரை. அந்தப் பாத்திக்கு மட்டும்தான். குனிந்து பார்த்தாள். கூரை இறக்கத்துக்கு அடியில் மழை படாத மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மழை தொடங்கும் முன்பு பிளாராச் சாடிகளைக் கழுவியிருந்தாள். தவிடும் உப்பும் போட்டு ஒரு வருடம் ஊறிய மீன், அதன் அடிமண்டி, மூன்று சாடி கழுவிய தண்ணீர். மீன் தண்ணீர் செடிக்கு நல்லது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அது ஆற்று மீனை வெல்லப்பாகில் ஊறவைத்த தண்ணீர். இது உப்பில் ஊறியது. வீணாக்க மனமில்லாமல் கொஞ்சத்தை இந்தப் பாத்தியில் ஊற்றினாள். ரியமுக்கு ஒரு வாளி கொடுத்தாள். மீதியை இன்னொரு வாளியில் புவாலாய் வீட்டுக்குத் தானே தூக்கிக்கொண்டு போய், "வாரம் ரெண்டு தடவ ஊத்து, சவேங் செடி கொழுகொழுன்னு வரும்" என்று சொல்லிக் கொடுத்தாள். புவாலாயின் தொட்டிகள் கூரைக்கு அடியில் இருந்தன. மழை வந்து உப்பைக் கழுவ வழியே இல்லை.

எந்த நோயாளி வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அவளுக்கு மனப்பாடம்: இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க? என்ன குறைகிறது என்பது அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்வியை ஆறு தொட்டிகளுக்கு முன்னால் அவள் கேட்கவில்லை. கொடுத்தது தன் கை என்பதால் கேட்கத் தோன்றவில்லை. போதாததற்குச் சாம்பல் தண்ணீர் வேறு. அதுவும் உப்புதான்.

பயற்றங்காயை அப்படியே போட்டுவிட்டுப் புவாலாய் வீட்டுக்கு நடந்தாள். போகும் வழியில் சொல்ல வேண்டியதை இரண்டு முறை மனதில் ஓட்டிப் பார்த்தாள். வாசலில் புவாலாயைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது.

"மண்ணு கெட்டுப்போயிருக்குடி. கழுவணும். செங்கல் எடுத்துட்டு வா."

தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றினார்கள். இரண்டு செடிகள் செத்தே போயிருந்தன. லம்துவான் பிடுங்கினாள், வேர் பழுப்பாகச் சொதசொதவென்று வந்தது. மீதி நான்குக்கும் மழைத்தண்ணீர்ச் சாடியிலிருந்து மொண்டு மொண்டு, மெல்ல ஊற்றினார்கள். ஒரு தொட்டிக்கு மூன்று தொட்டித் தண்ணீர். அடியில் வடிவதை லம்துவான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதல் தடவை கரித்தது. மூன்றாவது தடவை மண் வாசனை மட்டும் இருந்தது.

"எதுக்குக்கா நக்கிப் பாக்குற?"

"பழக்கம்" என்றாள் லம்துவான். "ரெண்டு வாரம் எந்த உரமும் வேணாம். கருகின இலை திரும்பாது, விட்டுடு. புதுத் துளிர் சுத்தமா வந்தா பொழைச்ச மாதிரி."

"ரெண்டு வாரமா?" புவாலாய் உள்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நேத்து கோழிக்குழம்பு கேட்டாரு. இலை இல்லன்னேன். நான்தான் யூரியா போட்டு கொன்னுட்டேன்னு சொல்லிட்டேன்க்கா. அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நாலு நாளா சரியா சாப்பாடும் இல்ல, தூக்கமும் இல்ல. இந்தக் கைய என்ன செய்யன்னே தெரியல."

லம்துவான் அவள் கைகளைப் பார்த்தாள். சோப்பிலும் ஈரத்திலும் வெளுத்து, விரலிடுக்கு வெடித்திருந்த கைகள். இப்போது சொல்லிவிடலாம். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு வாக்கியம்தான்.

"விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சொன்னாள்.

புவாலாய் நன்றியோடு தலையாட்டினாள். அதைத்தான் லம்துவானால் தாங்க முடியவில்லை. பழியைச் சுமத்தியதோடு நிற்காமல், இப்போது பெரிய மனது பண்ணி மன்னிக்கவும் செய்துவிட்டாள்.

மறுநாள் காலை மடத்துச் சமையலறையில் ஏழு பேர் இருந்தார்கள். புவாலாய் ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லம்துவான் நடுவில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். புவாலாய் செடிய கொன்னது யூரியா இல்ல. நான் குடுத்த பிளாராத் தண்ணி. உப்பு. ஊத்தச் சொன்னதும் நான், பொட்டாசியம்னு தப்பா சொன்னதும் நான். அன்னிக்கி இங்க அவ மேல பழி போட்டப்பவே யூரியா இல்லன்னு எனக்குத் தெரியும். நேத்து இவ வீட்டுக்குப் போயும் சொல்லாம வந்தேன்."

ரியம் கத்தியைக் கீழே வைத்தாள். "அடப்பாவமே. எனக்கும் ஒரு வாளி குடுத்தியே அக்கா?"

"உன்னுது வெளிய மழையில இருக்கு. பொழைச்சுக்கும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். புவாலாய் கீரையைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இருந்தது. லம்துவான் அதைப் பார்த்தது இதுவே முதல் தடவை.

"செடி போனா போகுதுக்கா. அவருகிட்ட நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டேன். அத இனி யாரு எடுக்கறது?"

"நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லிட்டு உடனே வந்துடாத. நேத்து ராத்திரி மூணு தடவ வாந்தி. துணி எல்லாம் அப்படியே கெடக்கு. நான் இங்க முடிச்சிட்டு வர எட்டு மணி ஆகும்."

லம்துவான் போனாள். சவேங் விழித்திருந்தான். அவனிடம் சுருக்கமாக, எதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவ செய்யலயா?" என்றான் கடைசியில்.

"அவ செய்யல."

"முந்தாநாள்லேர்ந்து அவகூட ஒரு வார்த்தை பேசலக்கா நான்."

"வருவா. பேசு."

அவனைப் பக்கவாட்டில் திருப்பி, ஈரவிரிப்பை உருவி, முதுகைத் துடைத்து, புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த விரிப்பைப் போட்டாள். கஞ்சியில் ஆறு கரண்டி இறங்கியது. ஏழாவதுக்கு வாயை மூடிக்கொண்டான், அவள் வற்புறுத்தவில்லை. பிறகு துணிகளைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய் ஊறவைத்து, மணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள்.