ஒற்றை விசில்

குளிர் முடிந்து வடக்கே திரும்பும் பறவைகள் எங்கள் பூங்காவில் சில நாள் தங்கிப் போகும். அவற்றைப் பார்க்க வசந்தம் தவறாமல் வருகிறவர் கண்டக்டர் அக்கா. கண்டக்டர் என்பது அவர் புருஷன் பஸ்ஸில் பார்த்த வேலை. இருவரும் சேர்ந்து வந்த காலத்தில், முன்னே போகும் மனுஷன் பறவையைக் கண்டால் ஒரு விசில் அடிப்பார். அக்கா அப்படியே நிற்க வேண்டும். பறவை பறந்ததும் இரண்டு விசில், புறப்படலாம். பஸ்ஸில் பழகியதைப் பெண்டாட்டியிடமும் விடவில்லை.

போன மழைக்காலத்தில் மனுஷன் போய்ச் சேர்ந்தார். இந்த வசந்தத்தில் அக்கா தனியாக வந்தார். குளத்தோரப் புதரைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு விசில் கேட்டது. அக்கா நின்றவர் நின்றவர்தான். வெயில் இறங்கிவிட்டது. காவல்காரன் நான், கேட்டைப் பூட்ட வேண்டாமா?

"என்னக்கா, கால்ல வேர் விட்டுடுச்சா?"

"இன்னும் ரெண்டு விசில் வரலியேப்பா."

"அது ஏதோ குருவிக்கா. கழுத்துல தொங்குற பைனாகுலர்ல பாருங்க, தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும்னுதானே பாக்கல."

எனக்கு இந்தப் பேச்செல்லாம் ஆகாது. நாக்கை மடித்து நானே இரண்டு விசில் அடித்தேன்.

அக்கா சிரித்துவிட்டார். "போடா! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அவர் விசில் தெரியாதா? உன்னுது மாடு மேய்க்கிற விசில்."

அப்போது புதருக்குள் மறுபடியும் ஒரு விசில் கேட்டது. கடைசியில் சற்றே இழுத்து, கண்டக்டர் அடிப்பது போலவே இருந்தது. கேட்டுப் பக்கம் திரும்பிய என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றார் அக்கா.

இருட்டத் தொடங்கியது. இருவரும் அசையாமல் நின்றோம்.