சர்க்கரையை இறக்கிப் பார்த்த நாள்

தலைக்குள் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதுதான் உடம்புக்கே முதலாளி என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆனது. பிட்யூட்டரி என்று பெயர். அதில் வளர்ந்திருந்த கட்டியை மூக்கு வழியாகவே எடுத்தார்கள். பலமாகத் தும்மியிருந்தால் தானே வந்திருக்குமோ என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் மாத்திரை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு இந்தப் பட்டாணி உத்தரவு போட்டால்தான், ஆபத்து நேரத்தில் உடம்பைக் காப்பாற்றும் கார்டிசோல் சுரக்குமாம். என் பட்டாணி இன்னும் உத்தரவு போடுகிறதா? போட்டால் மாத்திரையை விட்டுவிடலாம். போடாவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரைதான். எனக்கு மாத்திரை என்றாலே எரிச்சல்.

"அத எப்படி டாக்டர் கண்டுபிடிப்பீங்க?"

"வெறும் வயித்துல இன்சுலின் போட்டு, வேணும்னே சுகர இறக்குவோம் அக்கா. ஒடம்பு பதறும். அப்ப கார்டிசோல் ஏறுதான்னு ரத்தத்துல பாப்போம். குளுக்கோஸ் ரெடியா இருக்கும், பயப்படாதீங்க லா."

எனக்குப் பயம் வரவில்லை, ஆவல்தான் வந்தது. ஃபேக்டரியில் என் வேலையே அதுதான்: மின்விசிறி மோட்டாரை வேண்டுமென்றே சூடேற்றி, தானாக நின்றுகொள்கிறதா என்று பார்ப்பது. இத்தனை வருடம் மோட்டாரை வதைத்தவளை இப்போது இன்னொருவர் வதைக்கப்போகிறார்.

பயந்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர் லாபிஸில் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு பிள்ளை இருமினாலே வேனை ஓரங்கட்டிவிடுவார். சோதனைக்கு முதல் நாள் மாலை முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தார். நான் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதில் என்னைவிட அவர்தான் கண்டிப்பு. காலையில் என் எதிரில் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஜோகூர் பாரு பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பியைக் கடிக்கலாம் போலப் பசித்தது. பிறகு வியர்வை, கை நடுக்கம். ஓகோ, இப்படித்தான் இருக்குமா என்று என்னை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் நர்ஸ் மிஸ்ஸியும் ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டக் குனிந்த நேரம், வீட்டுக்காரர் என் நெற்றியில் திருநீறு பூசினார். கூடவே வாயில் ஏதோ விழுந்தது. கல்கண்டும் திராட்சையும், ஒரு கைப்பிடி. வேண்டாம் என்று நினைப்பதற்குள் பல் கடித்துவிட்டது.

சர்க்கரை அதற்கு மேல் இறங்க மறுத்தது. என் விரலை மறுபடி குத்திப் பார்த்த டாக்டர், தாடை அசைவதைக் கண்டார்.

"வாயில என்ன அக்கா?"

வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "சாமி பிரசாதம் டாக்டர். சாப்பிட ஒன்னும் குடுக்கல."

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. விரத நாளில்கூட நாங்கள் மறுக்காத ஒன்று, சாப்பாட்டில் எப்படிச் சேரும்? டாக்டரும் நம் தமிழ்ப் பெண்தான், புரிந்திருக்கும். பெருமூச்சு விட்டு, இன்னொரு நாள் வரச் சொன்னார். லாபிஸ் வந்து சேரும்வரை நான் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டில் வந்தேன். அவ்வளவு கோபம்.

அடுத்த முறை அவரை வெளியிலேயே நிறுத்தினார்கள். சட்டைப் பையைக்கூட மிஸ்ஸி தடவிப் பார்த்தார். இம்முறை சர்க்கரை ஒழுங்காக இறங்கியது. கண் மங்கும்போது கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார்.

முடிவு வந்தது. கார்டிசோல் ஏறவே இல்லை.

"மாத்திரைய விடவே கூடாது அக்கா. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு போடணும். கூட இருக்கறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபத்து என்றால் பதறுவதற்கு எனக்குள் ஆளே இல்லை என்றாகிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும், "ரெண்டு மடங்குன்னா எத்தன, டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு மத்தியானம் எனக்கு உடம்பு சுட்டது. நான் சொல்லவில்லை. அவராகவே நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அதில் திருநீறு ஒட்டியிருந்தது.

"வாயத் தொறம்மா" என்றார். திறந்தேன்.