கண்ணை மூடிச் சொன்ன சத்தம்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். எழுத்து படிக்கும் முன் காது பழக வேண்டுமாம். கண்ணை மூடி, கேட்கிற சத்தங்களைச் சொல்ல வேண்டும்.

"பக்கத்து வீட்டு மிக்சி... மில்லு சங்கும்மா" என்றாள்.

ராஜபாளையத்தில் அதே சங்குதான் அன்றும். எனக்கு அப்போது அவள் வயது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அப்பா, சவரச் சோப்பு மணக்க என்னை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடு தாயி. நான் இல்லாதப்ப வாசல்ல என்னென்ன சத்தம் கேக்கும்?"

"பால்காரர் மணி. மில்லு சங்கு. பொறவு புல்லட்டு."

"புல்லட்டா? எப்ப?"

"தெனமும் மத்தியானம்." டுபுடுபுவென்று செய்தும் காட்டினேன். "கெட்டிக்காரி" என்றார்.

அது எதிர்வீட்டுக்கு வரும் வண்டி. அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டுமென்று எனக்கும் தெரியவில்லை. லீவு முடியுமுன்பே பெட்டியைக் கட்டிவிட்டார். அம்மா ஏன், ஏன் என்று கேட்டு அழுதாள்.

டீச்சருக்கு நம் வீட்டுச் சத்தம் எதற்கு? மகளின் நோட்டை மூடப் போனேன். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மகளின் காதருகே குனிந்தேன்.

"அம்மா வேலைக்குப் போன பொறவு, வீட்ல என்ன சத்தம்டி கேக்கும்?"

கெட்டிக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில், அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.