மாமா கொண்டுவந்த ஹெம்பாப் பாட்டன்

துணிச்சுற்றைப் பிரித்ததும் புகையும் எண்ணெயும் கலந்த ஒரு வாசம் வீடெங்கும் பரவியது. ஆழ்துளைக் கிணறு போடும் "ரிக்" வண்டியோடு காங்கோ போய்த் திரும்பிய என் மாமா, அம்மாவின் அண்ணன், புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக் கட்டில்மேல் அந்த மரச்சிலையை நிறுத்தினார். பாதி மூடிய கண்கள், குறுந்தாடி, தொப்புளின் இருபுறமும் அணைத்து வைத்த கைகள். ஹெம்பா என்ற சனங்கள் தங்கள் பாட்டன்மாரை இப்படிச் செதுக்கி வைத்துக் கும்பிடுவார்கள் என்றும், வயிற்றில் கை வைத்திருப்பது வம்சத்தைக் காப்பதற்கு அடையாளம் என்றும் சொன்னார். தான் போட்ட குழாயில் தண்ணீர் பீறிட்ட சந்தோஷத்தில் ஊர்ப் பெரியவரே அதைத் தூக்கிக் கொடுத்தாராம்.

அப்பா இல்லாத எனக்கு மாமா சொல்வதே வேதவாக்கு. சிலையைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் செம்பருத்தி சூட்டி, "மரத் தாத்தா"விடம் சொல்லிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவேன். வகுப்பில் எல்லாரிடமும் மாமாவின் கதையைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அடுத்த தை மாதம், மாமாவோடு அங்கே வேலை பார்த்த செல்வராசு, தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். மாமாவும் வீட்டில் இருந்தார். சிலையைக் கண்டதும் செல்வராசு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இதை நீங்கதான் எடுத்தீங்களா? அந்தப் பெரியவரு கேக்கறப்ப என்ற தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே."

அம்மா கேட்கக் கேட்க மீதியும் வந்தது. அந்த ஊரில் தண்ணீரே வரவில்லை. மாமா காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பெரியவர்தான் தன் வீட்டில் படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறார். கிளம்பும் அன்று சிலையைக் காணவில்லை. வண்டிக்குப் பின்னால் அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே நடந்து வந்தாராம். அது மாமாவின் பெயரல்ல, அந்தப் பெரியவருடைய பாட்டனின் பெயர்.

இல்லை என்று மாமா சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசமாங்களா மாமா?"

"அவங்க வேற ஒண்ணு செதுக்கிக்குவாங்க சாமி," என்றார், காபி டம்ளரைக் கீழே வைக்காமலே.

திருப்பி அனுப்பாவிட்டால் இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா சிலையை எடுத்துப் போனார். மறு மாதம் வந்து, அங்கே போகிற ஆளிடம் கொடுத்தனுப்பியாயிற்று என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள்.

அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். காரியம் முடிந்த பிறகு, சிலை ஊர் போய்ச் சேர்ந்ததா என்று மாமாவிடம் கேட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டார், அப்போதே அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன், அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. முன்பு இருந்தவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.