தோற்றவரும் கணக்குக் காட்ட வேண்டும்

மற்றவர்களின் படிவங்களை நிரப்பிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: எதிரே வந்து இருப்பவர் வாய் திறக்கும் முன்பே, அவர் எந்தக் கட்டத்தை வெறுமையாக விடப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஓர்ஸ் ஹில்லில் ஹனீபா நானாவின் போட்டோக்கொப்பிக் கடை முகப்பில் எனக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய கணினி. பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், காணி உறுதி மொழிபெயர்ப்பு, ஓய்வூதியக் கடிதம், இவைதான் என் வழக்கமான வேலை. கடந்த உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த கையோடு புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. போட்டியிட்ட ஒவ்வொருவரும், வென்றாலும் தோற்றாலும், யாரிடம் என்ன நன்கொடை வாங்கினோம், என்ன செலவழித்தோம் என்று மூன்று கிழமைக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாக்காளருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் செலவுக்கு ஒரு எல்லையும் போட்டிருந்தார்கள். யார் தந்தது என்று தெரியாத காசை வாங்க ஏலாது. கொடுத்த அறிக்கையை வாக்காளர் எவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

ஏதாவது ஒரு கந்தோரில் ஒரு படிவத்தோடு அரை நாள் மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த அரை நாளை மூன்று கிழமையாக இழுத்துப் பாருங்கள், என் பாடு விளங்கும்.

ஒன்றுமில்லை என்று எழுதுவது

முதலில் வந்தவர் இலங்கைத்துறையில் கடற்றொழில் செய்கிற சிவபாலன். பட்டியலில் ஒரு ஆள் குறைகிறது என்று சொல்லி, கட்சிக்காரர் ஒருவர் அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் ஒப்பத்தையும் வாங்கிப் போயிருக்கிறார். தான் வேட்பாளர் என்பதே அவருக்குப் பிறகுதான் சரியாக விளங்கியது. அறிக்கை கொடுக்காவிட்டால் வழக்கு வரும் என்று யாரோ வெருட்ட, அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் மூதூர் வழியாக பஸ் பிடித்து வந்திருந்தார்.

நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். நன்கொடை? இல்லை. துண்டுப் பிரசுரம்? இல்லை. வாகனம்? "என்ர சைக்கிள்தான்." கூட்டம்? கொஞ்சம் யோசித்தார். "ஒண்டுக்குப் போனனான். ஆனா அது மற்றக் கட்சிக்காரரின்ர கூட்டம். சாப்பாடு நல்லம் எண்டவை." படிவம் முழுக்க "இல்லை, இல்லை" என்று எழுதி நீட்டினேன். அவர் அதை விரலால் தடவித் தடவி வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த பஸ் ரிக்கெற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "தேர்தலுக்கு ஒரு சதமும் செலவில்லை மிஸ், ஒரு செலவும் இல்லை எண்டு எழுதிக் குடுக்கத்தான் செலவு" என்றார்.

எண்ணூறு சோற்றுப் பார்சல்

அடுத்தவர் கட்டட ஒப்பந்தக்காரர். பெயர் வேண்டாம், ஊருக்குள் நடமாடுகிற மனிதர். பில்லுகளை ஒரு கடைப் பைக்குள் அடைத்துக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். பதாகை, ஒலிபெருக்கி, ஓட்டோ வாடகை, தொப்பி. எல்லாவற்றையும் நான் கூட்டிச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டார். எதைக் கழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு போனவரின் விரல், எண்ணூறு சோற்றுப் பார்சல் என்ற பில்லில் வந்து நின்றது.

"இது தேர்தலுக்கு இல்லை மிஸ். அம்மாவின்ர திவசத்துக்குக் குடுத்தது." குரலைத் தாழ்த்தி, கண்ணையும் தாழ்த்திக்கொண்டு சொன்னார். நான் பேனையைக் கீழே வைத்தேன். தாயைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லும்போது உடனே மறுத்துக் கதைக்க எனக்கு வராது. ஆனால் பில்லில் இருந்த திகதி வாக்களிப்புக்கு நாலு நாள் முந்தியது. பார்சலில் ஒட்ட அச்சடித்த அவருடைய படத்துக்கான பில்லும் பக்கத்திலேயே கிடந்தது. எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கடை வாசலில் நின்ற ஹனீபா நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஓட்டோக்குள்ள இருக்கிற உங்கட அம்மா கூப்பிடுறா, வெயில் ஏறுதாம்."

இடியப்பத்தின் பெறுமதி

சல்லிக் கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். புருஷன் தேர்தலில் நின்று தோற்றவர். பெண்சாதி கமலா, விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். செலவு விபரம் சின்னது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கடைசியாக, "காசாக இல்லாமல் பொருளாக யாராவது ஏதும் தந்ததா? அதுக்கும் பெறுமதி போட வேணும்" என்று கேட்டேன். புருஷன் இல்லை என்று தலையாட்டினார்.

"பதினேழு நாள்" என்றார் கமலா. "பதினேழு நாள் காலமை இவரோட திரிஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் இடியப்பமும் சம்பலும் நான்தான். கடைக்குப் போட வேண்டிய இடியப்பம்." புருஷனுக்குச் சிரிப்பு வந்தது. "அது வீட்டுச் சாப்பாடுதானே. அதையும் போய் எழுதுறதே?" கமலா சிரிக்கவில்லை. "என்ர வியாபாரம் வீட்டுச் சாப்பாடு இல்லை" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை இடியப்பம் என்று அதில் எழுதியிருந்தது.

சட்டம் தெரிந்த ஒருவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். விற்பனைக்கு உள்ள பொருள் என்றால் போடுவதுதான் சரி என்றார். நன்கொடையாளர் என்ற இடத்தில் கமலாவின் பெயரை எழுதி, பெறுமதியும் போட்டேன். மொத்தத் தேர்தல் செலவில் பாதிக்கு மேல் அதுதான். கமலா எழும்பிப் போய் ஹனீபா நானாவிடம் கேட்டார்: "இதில எனக்கெண்டு ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ, இருபது வருஷமா நான் குடுத்தது முதல் தரம் கடதாசியில வந்திருக்கு."

ஒரு சைபர்

இது என் பிழை. பாலையூற்றில் பாடசாலை வான் ஓட்டுகிற, பிள்ளைகள் மாஸ்ரர் என்று கூப்பிடுகிற லோகநாதன் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா செலவழித்திருந்தார். நான் தட்டும்போது பின்னால் ஒரு சைபர் கூடிவிட்டது. அவரும் பார்க்காமல் ஒப்பமிட்டார். அறிக்கை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

நாலு நாள் கழித்து வேறு வேலையாக வந்த ஒருவர், "லோகநாதன் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் இறக்கினவராம், பாத்தா அப்பிடித் தெரியேல்லை" என்று சொன்னார். என்னிடமிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். அவருடைய வட்டாரத்துக்குப் போட்ட எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. ஐம்பது வாக்கும் எடுக்காத மனிதர் என் ஒரு விரலால் நீதிமன்றம் ஏற வேண்டி வந்தால் என்ன செய்வது? அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன் எடுத்ததும் வந்தார். அவர் தன் பிரதியை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்திருந்தார், பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோர் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள், கதை பரவிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். உடனேயே திருத்திய அறிக்கையோடும் ஒரு விளக்கக் கடிதத்தோடும் இரண்டு பேரும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று கிழமைத் தவணை முடியாததால் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் எனக்கு உயிர் வந்தது. மாஸ்ரர் மட்டும் கொஞ்சம் வாடித் தெரிந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் பொறுத்துத் திருத்தியிருக்கலாம் மிஸ், என்னட்டையும் கைமாத்துக் கேட்டு ஆக்கள் வரத் தொடங்கினவை."

பெயர் எழுதாத கடித உறை

ஜெசிந்தா ரீச்சர் துறைமுகப் பக்கத்தில் கோயிலோடு இருக்கிற பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். சுயேச்சைக் குழுவில் நின்று, யாரும் எதிர்பாராமல் வென்றுவிட்டார். அண்ணனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரு பதினையாயிரத்தைத் தவிர. தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே ஒரு கடித உறை. காசும் ஒரு கடதாசித் துண்டும். துண்டில், "எங்கட ஒழுங்கைத் தண்ணிக்காகக் கதையுங்கோ" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தெருச் சந்து என்று கூட இல்லை. துண்டுப் பிரசுரம் அடிக்கக் கையில் காசில்லாத நேரம். ரீச்சர் அந்தக் காசில் அடித்துவிட்டார்.

"யாரெண்டு தெரியாத காசை வாங்கக் கூடாது, ரீச்சர்" என்றேன். அண்ணன் உடனே, "என்ர பேரைப் போடுங்கோ, முடிஞ்சுது" என்றார். பேனை என் கையில் இருந்தது. எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரீச்சர்தான் தடுத்தார். "பொய் சொல்லுற பிள்ளையை மூலையில நிப்பாட்டுற ஆள் நான், அண்ணா. மூண்டு நாள் தாங்கோ அக்கா, பாக்கிறன்" என்று எழும்பிப் போய்விட்டார்.

அவர் தேடிய விதம் எளியது. பாலர் பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பிய படிவங்கள் அலுமாரியில் இருந்தன. துண்டில் உள்ள கையெழுத்தை ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தார். அது அன்ரனுடைய எழுத்து. அன்ரன் ஒரு ஐஸ் தொழிற்சாலை முதலாளியின் கார்ச் சாரதி. அந்த முதலாளியும் அதே தேர்தலில் வேறு கட்சியில் நின்றவர், தோற்றவர். அன்ரன் ஏன் பெயர் எழுதவில்லை என்று பிறகு ஒருவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ரீச்சர் அவருடைய வீட்டுக்கே போனார். "உங்கட பேரைப் போட்டா முதலாளி பாக்கக்கூடும். நான் காசைத் திருப்பித் தாறன். அச்சடிச்ச செலவை என்ர காசெண்டு போடுறன்" என்று சொல்லியிருக்கிறார். அன்ரன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம். ரீச்சர் வீட்டுக்கு வந்து காசை எண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தவணை முடிவதற்கு முந்தின நாள் அன்ரன் என் மேசைக்கு வந்தார். மெலிந்த மனிதர், காக்கிக் காற்சட்டை, கையில் அடையாள அட்டை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"எழுதுங்கோ மிஸ்."

"இதை ஆரும் பாக்கலாம், தெரியும்தானே?"

"ஓம், தெரியும். ரீச்சர் வந்திட்டுப் போனாப் பிறகு என்ர மனிசி கேட்டவ, குடுத்தது நல்லதுக்கெண்டா ஏன் ஒளிச்சுக் குடுத்தனீங்கள் எண்டு. அதுதான் அட்டையோட வந்தனான்."

பெயர், விலாசம், அட்டை இலக்கம், தொகை. எழுதி முடிக்க இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. வழக்கமாகப் படிவத்தில் எதையும் நான் இரண்டாம் தரம் யோசிப்பதில்லை. அன்றைக்கு அவருடைய விலாசத்தை மூன்று தரம் சரி பார்த்தேன். அவர் போன பிறகு ஹனீபா நானா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதையும் ஆறவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் முதலாளியின் ஆள் கட்டணம் கட்டி அறிக்கையைப் பார்த்துவிட்டார். அன்ரனை வேலையால் நிற்பாட்டவில்லை. காரிலிருந்து இறக்கி, ஐஸ் ஏற்றுகிற பகுதிக்கு மாற்றினார்கள். ரீச்சருக்கு மனம் கேட்கவில்லை. முதலாளியின் கந்தோருக்குப் போய் ஒரு மணித்தியாலம் காத்திருந்து கதைத்தார். அது நிர்வாக மாற்றம், இதில் கதைக்க ஒன்றுமில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கைக்குத் தண்ணீர் இன்னும் ஒழுங்காக வரவில்லை. ரீச்சர் சபையில் மூன்று தரம் எழும்பிக் கேட்டிருக்கிறார், நாலாவது தரத்துக்குக் கடிதம் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

போன கிழமை மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போனபோது அன்ரனைக் கண்டேன். சாக்கைத் தோளில் போட்டு, ஐஸ் கட்டியைத் தூக்கிப் படகுக்காரர் ஒருவரின் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ஈரம். என்ன கேட்பது என்று தெரியாமல், "எப்பிடி, பழகீற்றுதோ?" என்று கேட்டேன். அவர் கையை உதறிவிட்டுச் சிரித்தார்.

"முந்தி முதலாளியை ஏத்தித் திரிஞ்சனான், இப்ப ஐஸ் ஏத்திறன்; ஐஸ் போற வழியெல்லாம் பேசிக்கொண்டு வராது மிஸ்."

காசுக்கு எல்லை போட்ட சட்டம், சாக்குப்போக்குச் சொல்வதற்கு ஒரு எல்லையும் போடாமல் விட்டதால்தான், படிவம் நிரப்பிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களின் அடுப்பு எரிகிறது.