ஞாயிற்றுக்கிழமை அறைந்த கட்டைகள்

எங்கள் தாழ்வுபாட்டுக் கரையில் முன்பின் தெரியாத ஒருவர் கட்டை அறைந்தால் சனம் பார்த்துக்கொண்டிராது. இன்றைக்குக் கட்டை, நாளைக்குக் கம்பிவேலி, அதற்குப் பிறகு உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை. இதை இந்த மன்னார்த் தீவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மின்சாரக் காற்றாடி வரப்போகிறது, மணல் அள்ளப்போகிறார்கள் என்று கதை வராத மாதம் கிடையாது. அப்படிப்பட்ட கரையில் கல்லூரிப் பாடத்துக்காக நாங்களே போய்க் கட்டை அறைந்தோம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

மன்னார் நகரத்தில் ஒரு கல்லூரியில் நில அளவை படிக்கிறேன். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டால் என்னிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் புள்ளி வரவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவோடு எனக்கு ஒரு நாளும் ஒத்துவராது. இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேலே கோபம். வெயிலில் நிற்க வேண்டிய படிப்பு என்று கேள்விப்பட்டதும் அம்மா, "அதுக்கு நீ கருவாடு காயப்போடலாமே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே போய்ச் சேர்ந்தேன்.

செய்முறைப் பாடத்துக்கு எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தது எங்களுக்குப் படிப்பிக்கிற சேர். என்னோடு வந்தவள் முசலிப் பக்கத்துப் பிள்ளை. வாயைத் திறந்தால் யாரையும் விடமாட்டாள். மற்றவர் பாப்பாமோட்டையிலிருந்து வருகிறவர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பள்ளிக்கூடப் பிள்ளையாக இங்கே திரும்பி வந்தவர். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயர் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். நான் தாழ்வுபாடு, அவள் முசலி. அவர் மட்டும் எங்களைவிட மூத்தவர் என்பதால் பாப்பாமோட்டை அண்ணா. "அண்ணான்னு கூப்பிட்டு வயசைக் கூட்டாதீங்க" என்பார். கூட்டிக்கொண்டே இருப்போம்.

மூவரும் ஒன்றாக வேலை செய்ய நாள் கிடைப்பதுதான் பெரிய பாடு. முசலிக்கு வெள்ளிக்கிழமை சரிவராது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை சரிவராது. அண்ணாவுக்கு வயல். வயலுக்கு வெள்ளியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. ஆனாலும் சண்டை வந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். முசலியின் உம்மா கட்டிவிடும் சம்பலுக்கு முன்னால் என் கோபம் நின்றதில்லை.

அந்தப் பருவத்தின் கடைசிச் செய்முறை, மட்டம் எடுப்பது. விளங்கச் சொல்கிறேன். உயரம் தெரிந்த ஓரிடத்தில் தொடங்கி, இடையிடையே கட்டை அறைந்து, ஒவ்வொரு கட்டையின் தலையிலும் அளவுகோலை நிறுத்தி, முக்காலியில் வைத்த கருவியால் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். பிறகு அதே கட்டைகள் வழியாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்துவந்தால் வேலை சரி. ஒத்துவராவிட்டால், அல்லது நடுவில் கட்டை அசைந்துவிட்டால், அவ்வளவும் வீண். அந்தப் பாடத்தில் தவறினால் அடுத்த வருடம் கனிட்ட மாணவர்களோடு நின்று திரும்பச் செய்ய வேண்டும்.

எனக்கும் முசலிக்கும் அது வெட்கக்கேடு, அவ்வளவுதான். அண்ணாவுக்கு அப்படி இல்லை. இந்தியாவில் பிறந்தவருக்கு இங்கே குடியுரிமைப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் வந்து சேர்வதற்குள் வருடங்கள் போய்விட்டன. நீர்ப்பாசனத் திணைக்களத்துக் கந்தோர் ஒன்றில் பயிற்சிக்கு அவருக்கு இடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு வயதெல்லை. இந்த வருடம் சித்தியடைந்தால் உள்ளே, அடுத்த வருடம் என்றால் கதவு மூடிவிடும். இதை அவர் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். முசலி அன்றிலிருந்து அவரை வகுப்புக்குப் பிந்த விடுவதில்லை.

கருவியைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குத் தந்தார்கள். திங்கள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் செய்வோம் என்றது நான்தான். என் ஊர், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். சனிக்கிழமை அப்படித்தான் நடந்தது. வீதி மதகில் தொடங்கிக் கரைவரை கட்டை அறைந்தோம். வள்ளங்கள் கடலில், பெண்கள் கருவாட்டில். நான் கூட நின்றதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குப் பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுத்துவிட்டுத்தான் வருவேன், அதுவரை பொறுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.

பொறுத்தால்தானே! இரண்டு பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள், அவர் மோட்டார் சைக்கிளில், அவள் ஸ்கூட்டியில். அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று கட்டைகளின் தலைக்குச் சிவப்பு வர்ணம் பூசி இலக்கமும் எழுதியிருக்கிறார்கள். பிறகு கேட்டபோது முசலி சொன்ன நியாயம் இது: "எங்கட ஊரில வெள்ளிக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போறதில்ல, கரை வெறிச்செண்டு கிடக்கும். உங்களுக்கு ஞாயிறும் அப்பிடித்தானே எண்டு நினைச்சன்." ஐயோ கடவுளே. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் முழு ஊரும் கரையில் நிற்கும். கடலுக்குப் போகாதவன் வேறு எங்கே போவான்? வலை பொத்துவது, காட்ஸ் விளையாடுவது, அயலட்டைக் கதை, எல்லாம் அங்கேதான்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கோயில் முற்றத்தில் ஒருவரும் இல்லை. சத்தமெல்லாம் கரைப் பக்கம். ஓடிப்போய்ப் பார்த்தால் பெரிய கூட்டம். நடுவில் முசலி, பக்கத்தில் முக்காலியை இறுக்கிப் பிடித்தபடி அண்ணா. எதிரே, பூசைக்குக் கட்டிய சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கக்கத்தில் எங்கள் சிவப்புக் கட்டைகளோடு என் அம்மா.

"எங்களுக்கு ஆரும் அறிவிக்கேல்லை. முதல்ல பங்குச் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ, பிறகு அளக்கலாம்."

"அன்ரி, நாங்க படிக்கிற பிள்ளையள்" என்றாள் முசலி. "கட்டை அடிச்சா பின்னால என்ன வரும் எண்டு முசலிக்காரிக்கு நீங்க சொல்லித்தர வேணுமா? எங்கட காணியும் அப்பிடித்தானே போச்சு."

கூட்டத்தில் ஒருவர், எனக்கு மாமன் முறை, அண்ணாவைக் காட்டினார். "உவன் கதைக்கிறதைக் கேட்டனீங்களோ? உவன் இந்தியாக்காரன். கொம்பனி அனுப்பின ஆள்."

அண்ணா சத்தம் போடவில்லை. "அங்க இருந்தப்போ எங்களைச் சிலோன்காரங்கன்னு சொன்னாங்க. இங்க வந்தா இந்தியாக்காரன்னு சொல்றீங்க. பரவாயில்லைங்க. அந்தக் கட்டையைக் குடுத்தீங்கன்னா என் வேலையைப் பார்ப்பேன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அம்மா! அது எங்கட கட்டை!"

"எங்கட எண்டால் ஆற்ர?"

"என்ர! என்ர படிப்புக்கு! நேற்றே சொன்னனான். நீங்கள் கருவாடு திருப்பிக்கொண்டு நிண்டு ஓம் ஓம் எண்டனீங்கள்!"

"ஓம் எண்டால் கேட்டது எண்டோ?" என்றார் அம்மா.

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் குழிகள்கூடத் தெரியவில்லை. அத்தனை பேர் மிதித்திருந்தார்கள். முந்தின நாள் முழுவதும் எடுத்த அளவு போய்விட்டது. அண்ணா முக்காலியை விட்டுவிட்டுக் கவிழ்த்துவைத்த வள்ளம் ஒன்றில் உட்கார்ந்தார். "முடிஞ்சுதுங்க" என்றார். அந்த மனிதர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முசலிதான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பயிற்சி, வயதெல்லை, நாளைக் காலை கருவி திரும்பப் போக வேண்டும், எல்லாம். அண்ணா, "விடுங்க, விடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"பாப்பாமோட்டைம்மா."

"முகாமில இருந்தனீங்களோ?"

"அங்கதான் பொறந்தேன்."

அம்மாவின் தமையன் குடும்பம் இன்னும் அங்கே முகாமில்தான் இருக்கிறது. அதை அம்மா சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, எங்கள் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "என்ன விடுப்பும் வேடிக்கையும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மிச்சக் கட்டையளைக் கொண்டந்து குடுங்கோ!" என்று கத்தினார். தன் கக்கத்துக் கட்டைகளைக் கீழே போட்டார். பிடுங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டை மட்டும் வரவில்லை. அதை ஒரு அக்கா விறகு என்று அடுப்பில் வைத்துவிட்டிருந்தார். தண்ணீர் ஊற்றி அணைத்து, பாதி கரியான தலையோடு அதுவும் வந்து சேர்ந்தது.

மதகிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். இரண்டு நாள் வேலையை ஒரு பின்னேரத்துக்குள் முடிக்க வேண்டும். அண்ணா கருவியைப் பார்த்தார், முசலி எழுதினாள், நான் கட்டை அறைந்தேன். அளவுகோலைப் பிடிக்க ஆள் போதவில்லை. அம்மா அதை என் கையிலிருந்து பறித்துக்கொண்டார். சோளகக் காற்று அளவுகோலை ஆட்டியது, அம்மாவும் சேர்ந்து ஆடினார். "நேரா பிடியுங்கோ!" என்று நான் கத்த, "இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கோ உனக்குப் படிப்பு?" என்று அவர் கத்த, நடுவில் அண்ணா, "ரெண்டு பேரும் பேசாம நின்னீங்கன்னா நான் நம்பரைப் பார்ப்பேன்" என்றார். அதற்குப் பிறகு வாயைத் திறந்தோமா என்றால், திறந்தோம். மெதுவாகத் திறந்தோம்.

இடையில் வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் வந்தது. "எங்கட வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவீங்களோ பிள்ளை?" என்று அம்மா முசலியைக் கேட்டார். "மீன்தானே அன்ரி, கொண்டாங்கோ" என்று அவள் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். கட்டைகளுக்குப் பக்கத்தில் யாரும் வராதபடி மாமன் காவல் நின்றார். கொம்பனி ஆள் என்று சொன்ன அதே மாமன்தான்.

வெளிச்சம் மங்கும் நேரம் மதகுக்குத் திரும்பி வந்து கடைசி அளவை எடுத்தோம். வீதியோரத்தில் உட்கார்ந்து அண்ணா கணக்குப் பார்த்தார். கூட்டினார், கழித்தார், திரும்பக் கூட்டினார். முசலி உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நானும் மனதுக்குள் மாதாவைத்தான் கூப்பிட்டேன். "வந்திருச்சு" என்றார். வித்தியாசம் விடக்கூடிய அளவுக்குள் இருந்தது. அவர் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கிணற்றில் முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, காற்றில் மண் விழுந்தது என்று சாட்டுச் சொன்னேன். முசலி நம்பவில்லை.

அறிக்கையில் கரிந்த கட்டையின் படமும் இருந்தது. சேர் அதைக் காட்டி, "இதென்ன?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "அளக்கப் போற இடத்துச் சனத்திட்ட முதல்ல கதைக்கோணும். அது புத்தகத்தில இல்லை" என்றார். மூவரும் சித்தியடைந்தோம். அந்தச் சித்தியோடே அண்ணா பயிற்சிக்குப் போனார், எங்கள் இருவருக்கும் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வகுப்பில் அவருடைய கதிரையில் முசலி இப்போது தன் பையை வைக்கிறாள், வேறு யாரையும் இருக்க விடுவதில்லை.

போன மாதம் அண்ணா அழைப்பெடுத்தார். வாய்க்கால் அகலிக்கும் வேலையாம். கந்தோரிலிருந்து அவரை அனுப்பியது எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? பாப்பாமோட்டைக்குத்தான். அவருடைய அப்பாவின் வயல் வரம்பிலேயே அவர் கட்டை அறைய வேண்டி வந்திருக்கிறது. முதலில் ஊராரோடு பேசிவிட்டுத்தான் அறைந்தாராம். அப்பாவும் கூட்டத்தோடு நின்று கேட்டாராம்.

"பிடுங்கினாரோ?" என்று கேட்டேன்.

"பிடுங்கல. சாயங்காலம் போய்ப் பார்த்தா, அதுல மாட்டைக் கட்டியிருக்கார்."

சிரித்தோம். அழைப்பை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வருடம் எனக்கும் முசலிக்கும் அதே வேலைதான். யாருடைய வரம்பிலோ, யாருடைய கரையிலோ நாங்களும் கட்டை அறைவோம். சம்பளத்துக்கு அறைவோம். அதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அம்மா முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டு நின்றார். மாட்டுக் கதையைச் சொன்னேன். இந்த முறை ஓம் ஓம் என்று விடவில்லை, வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மாடு இழுத்தால் கட்டை அசையுமெல்லோ? அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குறைஞ்சு போகும். உடனே அவிழ்க்கச் சொல்லு."

"அம்மா, இது படிப்புக்கு அடிச்ச கட்டை இல்லை. இது உண்மையான கட்டை."

அம்மா குனிந்து அடுத்த மீனைத் திருப்பினார்.

"அப்ப மாடு நிக்கட்டும்" என்றார்.